இரண்டு வருட ஒர்க் பெர்மிட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி இதுதான். புதுக்கோட்டையில் அக்கா மகன், வயது 24, ஐடிஐ ஃபிட்டர். ஊருக்குப் பக்கத்துப் பட்டறையில் மாதம் 17,000 ரூபாய் வாங்குகிறான். செலவு போக 9,000 மிஞ்சுகிறது. சென்னையில் ஸ்கில் டெஸ்ட் அடித்து பாஸ் ஆகிவிட்டான். சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இரண்டு வருட ஒர்க் பெர்மிட், நாளுக்கு 22 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), "ஓடி (ஓவர்டைம்) எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரம் வெள்ளி வரும்" என்கிறார் ஏஜெண்ட். கேட்பது மூன்றரை லட்சம். இரண்டு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். சிங்கப்பூரிலேயே குடியிருக்கும் தாய்மாமன் கேட்கிறார்: வரச் சொல்லலாமா, வேண்டாமா?

இந்த விலைக்கு வேண்டாம். இதே வேலை, இதே சம்பளம், மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்துக்குள் முடியும் என்றால் வரலாம். இந்த எல்லை எப்படி வந்தது என்பதைத்தான் கீழே சொல்கிறேன். உங்கள் அக்கா வீட்டில் சம்பளத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். முடிவைத் தீர்மானிப்பது கடன் எத்தனை மாதத்தில் அடையும் என்பது.

முதலில் அந்த "இரண்டு வருடம்". பெர்மிட் அட்டையில் இரண்டு வருடத் தேதி இருப்பதால் இரண்டு வருட வேலை உறுதி என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தேதி, அதுவரை இங்கே வேலை செய்ய அனுமதி உண்டு என்பதற்கு மட்டும்தான். முதலாளி நினைத்தால் எந்த மாதமும் பெர்மிட்டை ரத்து செய்யலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படவில்லை என்றால் வேலைச் சட்டம் சொல்வது: வேலையில் சேர்ந்து 26 வாரத்துக்குள் ஒரு நாள் நோட்டீஸ், 26 வாரத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஒரு வாரம். அவ்வளவுதான். கட்டுமானத்தில் ப்ராஜெக்ட் முடிந்தாலோ, மெயின் கான்ட்ராக்டரிடமிருந்து பணம் வராமல் நின்றாலோ முதலில் கை வைப்பது ஆள் கணக்கில்தான். ஒவ்வொரு ஆளுக்கும் முதலாளிகள் மாதாமாதம் அரசுக்கு லெவி (வெளிநாட்டு ஊழியர் வரி) கட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் கட்டுமான ஊழியருக்கு அடிப்படைத் திறன் நிலையில் 900 வெள்ளி, உயர் திறன் நிலையில் 500 வெள்ளி. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். வேலை இல்லாத ஆளை வைத்துக்கொண்டு 900 வெள்ளி கட்ட எந்த முதலாளியும் விரும்புவதில்லை. எனவே மூன்றரை லட்சத்துக்கு ஈடாக 24 மாதச் சம்பளம் வரும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை.

இப்போது சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்போம். நாளுக்கு 22 வெள்ளி, மாதம் 26 நாள்: பேசிக் 572 வெள்ளி. ஓடி கணக்குக்கு ஒரு மணி நேரக் கூலி வேண்டும். மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52-ஐ 44-ஆல் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். 572-க்கு அது சரியாக 3 வெள்ளி. ஓடி ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 4 வெள்ளி 50 காசு. சட்டப்படி மாதத்துக்கு ஓடி உச்சவரம்பு 72 மணி நேரம், ஆக 324 வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை முதலாளி கூப்பிட்டு முழு நாள் வேலை என்றால் இரண்டு நாள் சம்பளம், 44 வெள்ளி. மாதம் இரண்டு ஞாயிறு போனால் 88. எல்லாம் கூட்டினால் 984 வெள்ளி.

ஏஜெண்ட் சொல்லும் ஆயிரம் பொய்யில்லை. ஆனால் 72 மணி நேர ஓடியும் இரண்டு ஞாயிறும் ஒரு மாதம்கூட விடாமல் கிடைத்தால் வரும் எண் அது. மழை, வேலை நிறுத்த உத்தரவு, ப்ராஜெக்டுக்கும் ப்ராஜெக்டுக்கும் இடையில் வரும் வெற்று வாரங்கள் எல்லாம் அதில் அடி வாங்கும். 40 மணி நேர ஓடி, ஒரு ஞாயிறு என்று வைத்தால் 572, 180, 44: மொத்தம் 796. இதை நடுத்தர மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடியே இல்லாத மாதம் 572.

செலவு. கேட்டரிங் சாப்பாடு சுமார் 170 வெள்ளி. போன் 20. சோப்பு, முடிவெட்டு, ஞாயிறு போக்குவரத்து, தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு சாப்பாடு, பனடோல் என்று 70. மொத்தம் 260 வெள்ளி. சிகரெட், பீர் இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று போடுகிறேன். அன்றைய விலை பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஓடி இல்லாத மாதம் மிச்சம் 312 வெள்ளி, 20,280 ரூபாய். நடுத்தர மாதம் 536 வெள்ளி, 34,840 ரூபாய். உச்ச மாதம் 724 வெள்ளி, 47,060 ரூபாய்.

மூன்றரை லட்சம், இரண்டு வட்டி. முதல் மாத வட்டியே 7,000 ரூபாய். எல்லா மாதமும் நடுத்தர மாதமாகவே அமைந்து, மிச்சம் முழுவதும் கடனுக்கே போனால் பன்னிரண்டாவது மாதம் அடையும். வீட்டுக்கு மாதம் 10,000 அனுப்பினால் பதினேழு மாதம். ஓடி இல்லாமல் பேசிக்கை மட்டும் வைத்து, வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அடைத்தால் இருபத்திரண்டு மாதம். பேசிக் மட்டும், வீட்டுக்கும் 10,000 என்றால் கிட்டத்தட்ட ஐந்து வருடம், அதாவது இந்த ஒப்பந்தத்துக்குள் அடையவே அடையாது. இதிலும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன்: கடன் வாங்கிய நாளிலிருந்து முதல் சம்பளம் வரும் வரை ஓடும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. ஏஜெண்டிடம் பணம் கட்டி, பெர்மிட் வந்து, விமானம் ஏறி, ஒரு மாதம் வேலை செய்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வருவதற்கு மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். ஓடி பணத்துக்குப் பதினான்கு நாள் வரை கெடு உண்டு.

ஆறாவது மாத முடிவில் பெர்மிட் ரத்தானால்? நடுத்தர மாதங்களாக இருந்து எல்லா மிச்சத்தையும் கடனுக்கே அனுப்பியிருந்தாலும் சுமார் 1,74,000 ரூபாய் பாக்கி நிற்கும். பேசிக் மட்டும் என்றால் 2,66,000. பையன் ஊர் திரும்பி 17,000 ரூபாய் வேலையில் அதை அடைக்க வேண்டும். கெட்ட கம்பெனியில் மாட்டிய பையன்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்றால் இதுதான் காரணம். சம்பளம் குறைந்தாலும், அடிபட்டாலும், புகார் கொடுத்தால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடன் சின்னதாக இருந்தால் அந்தப் பயமும் சின்னதாக இருக்கும்.

அதனால் நான் சொல்லும் அளவுகோல்: ஓடியைக் கணக்கில் எடுக்காமல், பேசிக்கை மட்டும் வைத்து, கடன் எட்டு மாதத்துக்குள் அடைய வேண்டும். 20,280 ரூபாயை எட்டு மாதம் கட்டினால் இரண்டு வட்டியில் அடையக்கூடிய கடன் சுமார் 1,48,000. ஒன்றரை லட்சம் என்று சொன்னது அதை வைத்துத்தான்.

சட்டப்படி எவ்வளவு வாங்கலாம் என்று பார்த்தாலும் விடை அதே பக்கம்தான் வருகிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. சிங்கப்பூர் பக்கம் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் வாங்கக்கூடாது. 572 வெள்ளிக்கு அது 1,144 வெள்ளி, சுமார் 74,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குள் முடிகிறது. மூன்றரை லட்சத்தில் மீதி 2,40,000 எங்கே போகிறது? இடையில் இருக்கும் சப் ஏஜெண்டுகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அல்லது அதில் ஒரு பகுதி இங்கே முதலாளி கைக்கோ, சூப்பர்வைசர் கைக்கோ போகும். வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. பணம் வாங்கிக்கொண்டு ஆள் எடுக்கும் முதலாளிக்கு உங்கள் பையன் சீக்கிரம் திரும்பிப் போனால்தான் லாபம். அடுத்த ஆளிடம் மறுபடி வாங்கலாமே. இது கூட்டிச் சொல்வதல்ல. ஏஜெண்ட் பணம் அதிகமாக அதிகமாக, ஆறு மாதத்தில் அனுப்பப்படும் ஆபத்தும் கூடுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு வருடத்தின் முடிவில் என்ன கையில் நிற்கும் என்றும் பார்த்துவிடலாம். நடுத்தர மாதங்களாக 24 மாதமும் ஓடினால் மொத்த மிச்சம் 8,36,000 ரூபாய். மூன்றரை லட்சக் கடனையும் வட்டியையும் கழித்தால் 4,41,000. ஊரிலேயே இருந்திருந்தால் 9,000 வீதம் 2,16,000 சேர்ந்திருக்கும். ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் கூடுதல் லாபம் இரண்டே கால் லட்சம்தான். அதே வேலைக்கு 1,10,000 கொடுத்து வந்தால் 7,21,000 நிற்கும். ஒரே வெயில், ஒரே வேலை. வித்தியாசம் முழுக்க ஏஜெண்ட் பணத்தில்.

இனி ஐபிஏ. பெர்மிட்டுக்கு முன்னால் மனிதவள அமைச்சு கொடுக்கும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் அது. பையன் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் கையில் இருக்க வேண்டும்; தாய்மொழிப் பகுதியும் சேர்ந்தே வரும். அதில் நான்கு வரிகளை உற்றுப் பார்க்க வேண்டும்: பேசிக் சம்பளம், நிலையான அலவன்ஸ், நிலையான பிடித்தம், நிலையான மாதச் சம்பளம். ஓடி இந்த நான்கிலும் வராது. வேலையே இல்லாத நாட்களிலும் அந்த நிலையான மாதச் சம்பளத்தைக் கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். குறைக்க வேண்டுமானால் ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும், குறைப்பதற்கு முன் அமைச்சுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

இங்கே இரண்டு தந்திரங்கள் நடக்கும். ஒன்று, ஐபிஏவில் 1,200 என்று போட்டுவிட்டு, "அது அமைச்சுக்குக் காட்டுற கணக்கு, உனக்கு 572-தான்" என்று சொல்வது. அப்படிச் சொன்னாலே அந்த வேலை வேண்டாம். பொய்யாக அறிவித்த சம்பளம் அது. பிறகு கேஸ் என்று வந்தால் ஐபிஏவில் இருக்கும் தொகைதான் பேசும். இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மொத்தம் 572-தான், ஆனால் பேசிக் 400, அலவன்ஸ் 172 என்று பிரித்திருப்பார்கள். ஓடி பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும். 400-க்கு ஒரு மணி நேரக் கூலி 2.10, ஓடி 3.15. 72 மணி நேரத்துக்கு 324 வெள்ளி வர வேண்டிய இடத்தில் சுமார் 227 வரும். மாதம் 97 வெள்ளி போச்சு; 24 மாதத்தில் ஒன்றரை லட்ச ரூபாய். கடிதத்தில் ஒரு வரி எங்கே விழுந்திருக்கிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது. ஏஜெண்ட் வாட்ஸாப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம். முழு கடிதத்தையும் பிடிஎஃப்பாக வாங்கி, அமைச்சின் இணையதளத்தில் பெர்மிட் நிலையைச் சரிபாருங்கள். பணம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் சிங்கப்பூரிலேயே இருப்பது பெரிய வசதி. ஊரில் இருப்பவர்களால் செய்ய முடியாத மூன்று வேலைகளை நீங்கள் செய்யலாம். சிங்கப்பூர் ஏஜென்சியின் பெயரை வாங்கி, அமைச்சின் ஏஜென்சி பட்டியலில் உரிமம் உண்டா என்று பாருங்கள். பேசுகிற ஆளுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும். கம்பெனியின் பெயரை அக்ராவின் (கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் எப்போது பதிவானது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று இலவசமாகவே தெரியும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: அந்தக் கம்பெனியில் இப்போது வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பையனை, ஏஜெண்ட் மூலமாக இல்லாமல், நேரில் பாருங்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையிலோ பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையத்திலோ விசாரித்தால் ஆள் கிடைக்கும். "கம்பெனி நல்லதா?" என்று கேட்காதீர்கள்; "பரவால்லண்ணே" என்பான். போன மாதம் எத்தனை மணி நேரம் ஓடி, சம்பளம் எந்தத் தேதியில் வந்தது, பேஸ்லிப் கொடுக்கிறார்களா, எந்த தங்குவிடுதி, இந்த வருடம் எத்தனை பேரை ஊருக்கு அனுப்பினார்கள், சொந்த சைட் உண்டா இல்லை மேன்பவர் சப்ளையா என்று கேளுங்கள். சப்ளை கம்பெனி என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வேறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புவதுதான் அவர்கள் தொழில். யாரும் கேட்காத வாரங்களில் பையன்கள் விடுதியில் சும்மா படுத்திருப்பார்கள், ஓடி என்ற பேச்சே இருக்காது.

பேச்சோடு பேச்சாக வேலையின் தன்மையையும் கேட்டுவிடுங்கள். ஃபிட்டர் படித்தவனைக் கம்பி தூக்கவும் குப்பை அள்ளவும் இரண்டு வருடம் வைத்திருந்தால், திரும்பும்போது அவன் தொழில் கை மறந்திருக்கும். பைப்பிங், ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் போன்ற வேலைகளில் போட்டால் ஊரிலோ வேறு நாட்டிலோ அதைக் காட்டிக் கூலி கேட்கலாம். ஒப்பந்தம் குறுகியது என்பதால் இதை அதிகமாகவே பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை விஷயத்தில் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இங்கே வந்தபின் காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே, எச்ஐவி, சிஃபிலிஸ், மலேரியா சோதனைகள் உண்டு. தேறாவிட்டால் பெர்மிட் கிடையாது, திரும்ப வேண்டியதுதான். சின்ன வயதில் வந்துபோன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் இழுத்தடிக்கும். எனவே ஏஜெண்டுக்கு முதல் தவணை கொடுக்கும் முன்பே புதுக்கோட்டை அரசு மருத்துவமனையிலோ ஒரு நல்ல லேபிலோ இவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் காலாவதி தேதியையும் பாருங்கள். அதைத் தாண்டி பெர்மிட் நீளாது. ஒன்றரை வருடம்தான் பாக்கி இருக்கிறது என்றால் புதுப்பித்துக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

பணம் கொடுப்பது எப்படி? வங்கி மூலம், பெயர் போட்டு, தவணையாக. ஐபிஏ வருவதற்கு முன் பெரிய தொகை எதுவும் கூடாது. ரொக்கம்தான் வேண்டும், ரசீது கிடையாது என்று சொல்லும் ஏஜெண்டை அங்கேயே விட்டுவிடலாம். சிங்கப்பூர் ஏஜென்சிக்குக் கொடுத்த கட்டணத்துக்கு ரசீது இருந்தால் ஒரு பாதுகாப்பு உண்டு: முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளியே வேலையை முடித்துக்கொண்டால் அதில் பாதியையாவது திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் கைக்குக் கை கொடுத்த பணத்துக்கு அந்த வழி இல்லை. இந்தியப் பக்க ஏஜெண்டின் பதிவை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் வெளியிடும் வேலை அறிவிப்புகளையும் ஒரு கண் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இவற்றில் எதையும் ஊழியர் தலையில் கட்டக்கூடாது: மாதாந்தர லெவி, 5,000 வெள்ளி பாதுகாப்புப் பத்திரம், மருத்துவக் காப்புறுதி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் டிக்கெட். எல்லாம் முதலாளி செலவு. "லெவிக்குப் பிடிக்கிறோம்" என்று ஒரு வெள்ளி பிடித்தாலும் அது சட்ட விரோதம். காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி.

ஏஜெண்ட் பேரத்தின் நடுவில் வேறு பாஸ்களையும் நீட்டுவார். எஸ் பாஸ் (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல்நிலையில் உள்ள வேலை அனுமதி) என்றால் 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. ஐடிஐ முடித்த 24 வயதுக்காரனுக்கு அந்தச் சம்பளத்தை உண்மையாகக் கொடுக்கும் கம்பெனி இருந்தால் சந்தோஷம். ஆனால் வங்கியில் 3,300 போட்டுவிட்டு 2,000-ஐ ரொக்கமாகத் திருப்பி வாங்கும் ஏற்பாடாக இருந்தால் அதில் பையனும் சிக்குவான். பயிற்சி ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் ஆறு மாதம், நீட்டிப்பு கிடையாது. அதற்கு லட்சக்கணக்கில் கொடுப்பது வீண். இந்திய உணவகச் சமையல்காரர் வேலைக்கு ஒர்க் பெர்மிட் உண்டு, ஆனால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி இருக்க வேண்டும். "டூரிஸ்ட் விசாவில் வா, வந்து மாற்றிக்கலாம்" என்று சொன்னால் அதோடு பேச்சை முடித்துவிடுங்கள்.

வருவது என்று முடிவானால், வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எழுந்திருப்பது நாலரை, ஐந்து. மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் விடிவதற்கு முன்பே வந்துவிடும். சைட்டில் ஏதாவது ஒரு மூலையில் தொங்கவிட்ட பையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பிரித்தால் சாம்பார் சில நாள் புளித்திருக்கும். புளித்ததைச் சாப்பிடாமல் கீழே போட்டுவிட்டு பிஸ்கட்டோடு வேலை செய்கிற நாட்களும் வரும். துவாஸ், கிராஞ்சி பக்கத்து விடுதியிலிருந்து சைட்டுக்கு லாரியில் போக்குவரத்து. குடும்பத்தைக் கூட்டிவர ஒர்க் பெர்மிட்டில் வழியில்லை. வேறு யாரிடமும் பகுதி நேரமாக வேலை செய்யக்கூடாது, சாப்பாடு டெலிவரி உட்பட. யாராவது "உன் வங்கிக் கணக்கைக் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்றால் ஓடிவிட வேண்டும். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்தால் பையன்தான் கோர்ட்டில் நிற்பான்.

வந்த முதல் நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டு. தேதி, எந்த சைட், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தான், சூப்பர்வைசர் பெயர். டைம் கார்டை மாதக் கடைசியில் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஐபிஏ, பேஸ்லிப், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றின் படங்களும் உங்கள் போனிலும் இருக்கட்டும். சம்பளத் தகராறு வந்தால் டாடம் எனப்படும் முத்தரப்பு அமைப்பில் புகார் பதியலாம். வேலையில் இருந்தால் தகராறு எழுந்து ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். அங்கே கேட்கும் முதல் கேள்வி "ஆதாரம் இருக்கா?" என்பதுதான். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளவும் கூடாது.

அடிபட்டால் மருத்துவரிடம் "வேலையிடத்தில் அடிபட்டது" என்று தெளிவாகச் சொல்லி அது பதிவாக வேண்டும். "கீழே விழுந்துட்டேன்னு சொல்லு, நாங்க பாத்துக்கிறோம்" என்று கூட வரும் ஆள் சொல்வார். கேட்கக்கூடாது. 2020 செப்டம்பரிலிருந்து வேலைக் காயத்துக்கு ஒரு நாள் மருத்துவ விடுப்போ லைட் டியூட்டியோ கொடுக்கப்பட்டாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் சிகிச்சைச் செலவும் விடுப்புச் சம்பளமும் உண்டு. விபத்து நடந்த ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும்.

கம்பெனி சுமார்தான், ஆனால் இரண்டு வருடம் ஓட்டிவிட்டான் என்றால் அதோடு ஊர் திரும்ப வேண்டும் என்றில்லை. கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாளுக்கு இடைப்பட்ட காலத்தில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதிகளை வந்த அன்றே காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். அனுபவம் உள்ளவனை இங்கிருந்தே எடுப்பதால் ஏஜெண்ட் பணமும் குறையும், பேசிக்கும் பேசி வாங்கலாம். 2025 ஜூலையிலிருந்து ஒர்க் பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. வயது வரம்பு 63. ஆனால் இந்த வாய்ப்பை நம்பி இப்போதே மூன்றரை லட்சம் கொடுப்பது சரியில்லை. அது வந்தால் வரவு, அவ்வளவே.

ஏஜெண்டிடம் நீங்களே பேசுங்கள். தொகை எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள்: இந்தியப் பக்கம் எவ்வளவு, சிங்கப்பூர் ஏஜென்சிக்கு எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு, எதற்கெல்லாம் ரசீது. சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரர் கேட்கிறார் என்றால் தொகை இறங்குவதுண்டு. ஒன்றரை லட்சத்துக்குள் வந்து, விசாரித்ததில் கம்பெனியும் தேறினால் அக்காவிடம் சரி என்று சொல்லுங்கள். முடிந்தால் வட்டிக்காரரிடம் போகாமல் நகையை வங்கியில் அடகு வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம், வங்கி நகைக்கடன் அதில் பாதிகூட வராது. இறங்கவில்லை என்றால் பையனிடம் இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுக்கச் சொல்லி, டெஸ்ட் சான்றிதழோடு வேறு கம்பெனி பார்க்கலாம். அந்தச் சான்றிதழ் ஏஜெண்டின் கையில் அல்ல, பையனின் கையில் இருக்க வேண்டும். பல இன்ஸ்டிட்யூட்டுகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் விலை பேசுகின்றன. நாளைக்கே அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

வருகை அட்டை பற்றி ஒன்று: எஸ்ஜி அரைவல் கார்டு குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் முழுக்க இலவசம், பயணத்துக்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு 3,000 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். இறங்கிய பிறகு பையன் போனில் முதலில் சேமிக்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று உங்களுடையது, மற்றொன்று வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. சம்பளப் பாக்கியோ காயக் கேஸோ முடியாமல் இருக்கும்போது திடீரென்று விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்குக் கேஸ் இருக்கிறது, நான் போக விரும்பவில்லை" என்று அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.